கோலப் புள்ளியும் கணினிக் கடையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. இவ்வாண்டு செயற்குழுவினர் எங்களிடம் வேறொரு பொருளைத் தந்துவிட்டனர். "நீங்கள் குடும்பமாக இணையத்தில் ஒரு கடை வைத்திருக்கிறீர்களாமே! அதைப் பற்றி நம் காலனிப் பெண்களும் பிள்ளைகளும் அறியுமாறு கூறுங்கள்" என்றனர். வாணிகத்தில் நாங்கள் வல்லவர்கள் அல்லர். ஈராண்டுகளாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டிருப்பவர்கள். அவ்வளவில் எங்கள் சொற்களை ஏற்றருள வேண்டுகின்றோம்.

முதலில் அக்கடை யாதென்று கூறிவிடுகின்றோம். அக்கடையில் தராசு இல்லை, மூட்டை இல்லை, அனுப்பிவைக்கும் பொருளும் இல்லை. ஒரு கோலம், ஒரு அழைப்பிதழின் அமைப்பு, குழந்தைகள் எழுதிப் பழகும் ஒரு தாள் ஆகியவற்றைக் கணினியில் வரைந்து, கோப்பாக்கி வைக்கின்றோம். விரும்புவோர் விலை செலுத்தியவுடன் அக்கோப்பைப் பதிவிறக்கிக்கொள்கின்றனர். பிறகு தம் வீட்டு அச்சுப்பொறியிலோ, தெருமுனை ஜெராக்ஸ் கடையிலோ அச்சிட்டுக்கொள்கின்றனர். உலகெங்கும் இத்தகைய கடைகள் உள்ளன. அமெரிக்காவில் நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில் 2005இல் தோன்றிய 'எட்சி' என்னும் இணையச் சந்தை, கைவினைப் பொருள்களோடு இவ்வகைக் கோப்புகளுக்கும் இடந்தந்து பெயர் பெற்றது.

இதன் அருமையை உணர, ஒரு பழைய செய்தியை நினைவுகூர்தல் நலம். இரவிவர்மா தம் ஓவியங்கள் எளியோர் இல்லங்களுக்கும் செல்ல வேண்டுமென விரும்பி, 1894இல் பம்பாயில் வண்ண அச்சகம் ஒன்றை நிறுவினார். அவர் வரைந்த இலக்குமியும் கலைமகளும் நாடெங்கும் சுவர்களை அணி செய்தனர். படம் பரவிற்று, ஆனால் அச்சகம் கடனில் ஆழ்ந்தது. செருமானியத் தொழில் வல்லுநரான ஷ்லைக்கர் என்பாரின் கைக்கு அது மாறிற்று. அச்சுக்கல், எந்திரம், மை, தாள், வேலையாள் ஆகிய எல்லாவற்றிற்கும் விற்பதற்கு முன்னரே முதல் போட வேண்டியிருந்த காலம் அது. இன்றோ அச்சகம் வாங்குபவர் இல்லத்திலேயே இருக்கின்றது. தாளும் மையும் அவருடையன. ஒரு முறை வரைந்ததை ஆயிரம் முறை விற்கலாம்; சரக்கு குறைவதும் இல்லை, தேங்குவதும் இல்லை.

அப்படியாயின் இக்கடைக்கு முதல் யாது? முதலே வேண்டாத கடை என்று விளம்பரம் செய்வோர் பலர். அஃது உண்மையன்று. பணமுதல் குறைவு என்பதே உண்மை. நம் கையால் ஆனது என்று நெஞ்சறியச் சொல்லத்தக்க வேலையும், நம்பத்தக்க பெயரும் இக்கடையின் முதல். அவ்விரண்டையும் கடன் வாங்க இயலாது. இதனை நாங்கள் கற்றுக்கொண்ட வகையைத்தான் இன்று கூற வந்தோம்.

எங்கள் அன்னையாரிடம் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. மணமாகி வந்த நாள்முதல் தாம் கண்ட கோலங்களையெல்லாம் அதில் எழுதிவைத்திருந்தார். சில பக்கங்களில் எண்ணெய்க் கறை. சில பக்கங்களில் மை மங்கிவிட்டது. ஒரு மார்கழி விடியலில் எங்கள் மகள் அந்நோட்டைக் கைப்பேசியால் படமெடுத்தாள். "பாட்டி, இதைக் கணினியில் ஏற்றிவிட்டால் அழியாது" என்றாள். "அழியாமல் இருந்தால் போதுமா? யாராவது போட வேண்டாமா?" என்றார் அன்னையார். அச்சொல்லே எங்கள் கடைக்குக் கால்கோள் ஆயிற்று.

கோலத்திற்குக் கணினி புதிதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிப்ட் சிரோமணி அவர்களும், இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் சேர்ந்து, கோலம் உருவாகும் முறையைக் கணினிக்குரிய இலக்கண விதிகளாக வகுத்து 1974இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். நம் பாட்டியர் வாசலில் வைத்த புள்ளிகளில் கணிதம் இருப்பதை அறிஞர் உலகம் அறிந்து அரை நூற்றாண்டு ஆகின்றது. நம் வீடுகளிலோ நோட்டுகள் பரணில் கிடக்கின்றன.

நாங்கள் செய்த வேலை எளியது. 'இங்க்ஸ்கேப்' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கின்றது. அதில் புள்ளிகளை அளவாக வைத்து, கோடுகளை இழுத்தோம். கைப்பேசிப் படத்தைப் பெரிதாக்கினால் விளிம்பு மங்கும். இவ்வாறு கோடுகளாக வரைந்த படமோ, உள்ளங்கை அளவில் அச்சிட்டாலும் கூடத்துத் தரையளவு பெரிதாக்கினாலும் கூர்மை குன்றாது. வண்ணம் தீட்டிய படமாயின், ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் செறிவு வேண்டும். ஏ4 தாளுக்கு அது 2480க்கு 3508 படப்புள்ளிகள் ஆகும். இவ்விவரங்களை மகள் ஒரு வாரத்தில் கற்றாள். நாங்கள் மூன்று திங்களில் கற்றோம்.

கடை திறந்தவுடன் குறைகள் வெளிப்பட்டன. முதன்முதல் அயலார் ஒருவர் வாங்கியது ஓர் இடைப்புள்ளிக் கோலம். படம் அழகாக இருந்தது. ஆனால் எத்தனை புள்ளி, எங்கே நிறுத்துவது என்று நாங்கள் குறிக்கவில்லை. "படத்தைப் பார்த்து மகிழலாம், போடுவது எப்படி?" என்று அவ்வம்மையார் எழுதினார். அன்னையாரின் நோட்டில் ஒவ்வொரு கோலத்தின் தலையிலும் '15 முதல் 8 வரை, இடைப்புள்ளி' என்பது போன்ற குறிப்பு இருந்தது. நாங்கள்தாம் அதனை அழகுக்குக் கேடென்று நீக்கியிருந்தோம்! நடு வரிசையில் 15 வைத்து இருபுறமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8இல் நிறுத்தினால் 169 புள்ளிகள். அக்கணக்கு இல்லையேல் கோலம் வெறும் படமே. அன்றுமுதல் புள்ளிக் கணக்கும், கோடு தொடங்கும் இடமும், படிப்படியான வரைவும் சேர்த்தே தருகின்றோம்.

இரண்டாவது குறை எழுத்தைப் பற்றியது. ஒரு புதுமனை புகுவிழா அழைப்பிதழை விற்றோம். வாங்கியவரின் கணினியில் தமிழ் எழுத்துகள் உடைந்து, ஒற்றைக்கொம்பு ஓரிடத்திலும் மெய் ஓரிடத்திலுமாகச் சிதறிக் கிடந்தன. எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்காமல் விட்டதே காரணம். பிடிஎப் கோப்பாக்கும்போது எழுத்துருவை உள்ளே பதிக்க வேண்டும். அல்லது எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிவிட வேண்டும். மேலும், எழுத்துருவுக்கும் உரிமையாளர் உண்டு. விற்பனைக்குப் பயன்படுத்த இசைவுள்ளதா என்று பார்த்தே எடுத்தல் வேண்டும். 'நோட்டோ' தமிழ் எழுத்துரு போன்று திறந்த உரிமத்தில் கிடைப்பவை உள்ளன.

மூன்றாவது தாளின் அளவு. நம் நாட்டு ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்காவிலுள்ளோர் வழங்கும் தாள் சற்று அகலமானது, நீளம் குறைந்தது. ஓரம் விடாமல் வரைந்தால் அங்கே ஒரு வரிசைப் புள்ளி அறுபட்டுப் போகும். இவையெல்லாம் சிறியன போலத் தோன்றும். ஆனால் விற்றபின் திருப்பித் தர இயலாத பொருள் இது. சேலையாயின் திரும்ப வாங்கி மடித்து வைக்கலாம். பதிவிறக்கிய கோப்பைத் திரும்பப் பெறுவது எவ்வாறு? ஆகவே விற்பதற்கு முன் நாமே ஒரு முறை தாளில் அச்சிட்டுப் பார்த்தல் இக்கடையின் முதல் ஒழுக்கம் என்போம்.

இனி, எல்லாவற்றினும் பெரிய செய்திக்கு வருகின்றோம். ஒரு நாள் எங்கள் மகள் அழகிய மயில் ஒன்றைக் கடையில் வைக்க முனைந்தாள். தோகையும் கழுத்தும் நேர்த்தியாக இருந்தன. அன்னையார் கண்ணாடியை அணிந்துகொண்டு நோக்கினார். "இந்த மயிலை யார் போட்டது, அம்மா?" என்றார். காளத்தித் துணி ஒன்றின் படத்தை இணையத்தில் கண்டு, அதன் மேலேயே கோடிழுத்ததாக மகள் கூறினாள். "அப்படியானால் பணம் அவருக்கல்லவா போக வேண்டும்?" என்று கூறிவிட்டு அன்னையார் அடுக்களைக்குச் சென்றுவிட்டார். அம்மயில் கடைக்கு வரவில்லை.

திருக்காளத்தி நமக்குத் தொலைவன்று. அங்கே கலம்காரிக் கலைஞர் ஒரு துணியை எழுதும் முறையை நேரில் கண்டவர்கள் நம்முள் பலர் இருப்பீர்கள். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் உருவம் வரைவர். வெல்லநீரில் இரும்புத் துண்டுகளை ஊறவைத்துப் பெற்ற கருமையை, துணி சுற்றிய மூங்கில் எழுதுகோலால் தீட்டுவர். படிகாரம் இட்டுச் சிவப்பேற்றுவர். பொன்முகலியின் ஓடும் நீரில் மீண்டும் மீண்டும் அலசுவர். அருகிப்போன அக்கலையைக் காக்கக் கமலாதேவி சட்டோபாத்யாய முதலியோர் முயன்றதன் பயனாக, 1957இல் அங்கே பயிற்சி நிலையம் தொடங்கப்பெற்றது. அம்மரபில் வந்த ஜொன்னலகட்ட குரப்பச் செட்டியார் அவர்களுக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. காளத்திக் கலம்காரி என்னும் பெயருக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

அக்குறியீடு காப்பது பெயரை. எந்திரத்தில் அச்சிட்ட படத்தை அப்பெயரிட்டு விற்றல் தவறு. ஒரு கலைஞர் புதிதாக வரைந்த ஓவியத்தையோ, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காக்கின்றது. அவர் வாழ்நாளும், மறைவுக்குப்பின் 60 ஆண்டும் உரிமை நீடிக்கும். நாள்கணக்கில் குனிந்து எழுதியவர் உழைப்பை நாழிகைப்பொழுதில் படமெடுத்து விற்பது, சட்டம் பிடிக்காவிடினும் திருட்டே.

"கோலமும் பிறர் கண்டதுதானே?" என்று நீங்கள் வினவலாம். நன்று. கோலம் எவர்க்கும் தனியுடைமை அன்று. வாசல்தோறும் கைமாறி வந்த பொதுச்செல்வம். நாங்கள் அதனை எமதென்று உரிமை கொண்டாடுவதில்லை. எங்கள் வரைவு, வரிசை, விளக்கம் ஆகியவற்றிற்கே விலை கேட்கின்றோம். ஒவ்வொரு தாளின் அடியிலும், இக்கோலம் இன்னார் இல்லத்து நோட்டிலிருந்து எடுத்தது என்று அவர் இசைவுடன் குறிக்கின்றோம். இரவிவர்மா 1906இல் மறைந்தார். அவர் ஓவியங்களை இன்று எவரும் அச்சிடலாம். எவரும் அச்சிடலாம் என்பதனாலேயே அதற்கு எவரும் மிகுதியாக விலை தருவதில்லை. உரிமை அற்றதை எடுப்பதில் குற்றமில்லை. அதில் நம்முடையதாக ஒன்றைச் சேர்த்தாலன்றிப் பயனும் இல்லை.

நம் திருப்பதியில் கடை வைக்க நினைப்போர்க்கு முதலில் தோன்றுவது ஏழுமலையான் திருவுருவமே. பக்தியோடு தாமே வரைந்து விற்கட்டும். தேவத்தானத்தின் இலச்சினையையோ, அது வெளியிடும் நாட்காட்டிப் படங்களையோ இசைவின்றி எடுத்தல் ஆகாது. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வரி எழுதினால் நொடியில் நூறு படங்கள் கிடைக்கின்றன. நாங்களும் முயன்று பார்த்தோம். புள்ளிக்கோலம் கேட்டால் புள்ளி ஒருபுறமும் கோடு ஒருபுறமும் போகின்ற ஒன்றைத் தந்தது. பார்ப்பதற்குக் கோலம், போட முற்பட்டால் முடிவதில்லை. அத்தகைய துணையைக் கொண்டால், கொண்டோம் என்று வாங்குபவர்க்குச் சொல்லிவிடுதல் நேர்மை.

வருவாய் பற்றிக் கேட்க நீங்கள் காத்திருப்பது தெரிகின்றது. மறைக்காமல் சொல்லுகின்றோம். முதல் மூன்று திங்களில் விற்றவை ஒன்பது. அவற்றுள் ஐந்து உறவினர் வாங்கியவை! இரண்டாம் மார்கழியில்தான் அயலார் வரத் தொடங்கினர். இன்று அன்னையாரின் மருந்துச் செலவும் மகளின் புத்தகச் செலவும் கடையிலிருந்து நடக்கின்றன. அதற்கு மேல் இல்லை. வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குக என்று எவர்க்கும் கூற மாட்டோம்.

இணையச் சந்தையில் நாம் குடிக்கூலிக்கு இருப்பவர்கள் என்பதையும் மறக்கலாகாது. எட்சி நிறுவனம் விற்பனையில் எடுத்துக்கொள்ளும் பங்கினை 2022 ஏப்ரலில் 5 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்திற்று. அதனை எதிர்த்து விற்பனையாளர் பலர் அத்திங்களில் ஒரு வாரம் கடையடைப்புச் செய்தனர். கட்டணம் நிலைத்துவிட்டது. ஆகவே உலகச் சந்தையில் ஒரு கால் வைத்தாலும், மற்றொரு கால் நம் மண்ணில் இருத்தல் வேண்டும். தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப் வழியே கோப்பை அனுப்பி, யூபிஐ வழியே ஐம்பதோ நூறோ பெறுவதற்குத் தரகர் எவரும் வேண்டியதில்லை. விற்றது, பெற்றது, செலவு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் எழுதுக. வரி பற்றிய ஐயங்களுக்கு, வருவாய் பெருகும் வரை காத்திராமல், அறிந்த கணக்கர் ஒருவரைக் கலந்துகொள்க.

அன்பர்களே! உலகில் கோலம் விற்போர் ஆயிரவர். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நாம் மட்டுமே செய்யத்தக்கது எது என்று எண்ணிப் பாருங்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை, சித்தூர் நகரமே வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி அப்பால் சென்றது, சத்தியவேடு இப்பால் வந்தது. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. எல்லைக் கோடுகள் இத்தனை முறை மாறியும், மார்கழியில் நாம் கோலம் என்பதை அடுத்த வீட்டார் 'முக்கு' என்கின்றனர். நாம் சாண உருண்டையில் பூசணிப்பூ வைக்க, அவர்கள் 'கொப்பெம்மா' வைக்கின்றனர். எங்கள் தாள்களில் விளக்கத்தை இருமொழியிலும் எழுதிய பிறகே இவ்வூரில் விற்பனை மும்மடங்காயிற்று. இருமொழி அறிவு நமக்கு ஊர் தந்த முதல்.

அவ்வறிவு பணத்தினும் பெரியதொன்றுக்குப் பயன்படக்கூடும். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். பாட்டியின் நோட்டைப் படமெடுத்த எங்கள் மகளால், அதில் பாட்டி எழுதியிருந்த குறிப்புகளைப் படிக்க முடியவில்லை! பாட்டி படித்துச் சொல்ல, அவள் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள். எங்களைக் குத்திய காட்சி அது. கோலத்தை அழியாமற் காக்கப் புகுந்தோம்; எழுத்து எங்கள் கண் முன்னே அழிந்துகொண்டிருந்தது.

சென்னையில் அச்சாகும் அரிச்சுவடிகள் நல்லவையே. ஆனால் அவை தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு எழுதியவை. தெலுங்கு பயிலும் பிள்ளை, ககரத்தின் நான்கு ஒலிகளுக்கும் நான்கு எழுத்து அறிந்தவன். தமிழில் ஒரே 'க' நிற்கக் கண்டு திகைக்கின்றான். சொல்லின் முதலில் ஒருவாறும் இடையில் ஒருவாறும் ஒலிக்கும் என்பதை அவனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். ழகரம், றகரம், னகரம் ஆகியவற்றைத் தனித்துக் காட்ட வேண்டும். பள்ளியில் கற்ற எழுத்தைப் படியாக வைத்துத் தமிழ் எழுத்துக்கு ஏற்றும் பயிற்சித் தாளை நம்மையன்றி யார் வரைவர்? எங்கள் மகளும் பாட்டியும் சேர்ந்து அத்தகைய தாள்கள் முப்பது செய்துள்ளனர். மகள் தனக்கு எது விளங்கவில்லையோ அதனை முதலில் வைத்தாள். இன்று அந்நோட்டை அவளே படிக்கின்றாள்.

சங்கத்தின் முன் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இம்மண்டபத்தில் கூடுவோம். தாய்மார்கள் தத்தம் கோல நோட்டுகளைக் கொணர்க. கணினி அறிந்த பிள்ளைகள் அருகமர்ந்து வரைக. எவர் நோட்டோ அவர் பெயர் தாளில் நிற்கட்டும். விற்ற பணத்தில் அவர்க்குரிய பங்கு அவர் கைக்குச் செல்லட்டும். எழுத்துப் பயிற்சித் தாள்களை மட்டும் நம் காலனிப் பிள்ளைகளுக்கு விலையின்றித் தருவோம். இம்முப்பது தாள்களையும் இன்றே சங்கச் செயலாளரிடம் ஒப்படைக்கின்றோம்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர். நம் வீட்டு நோட்டுகளும் நம் பிள்ளைகளின் எழுத்தறிவுமே நமக்குச் சுவர். இன்றிரவு வீடு சென்றதும் பரணைப் பாருங்கள். நோட்டு கிடைத்தால் வரும் ஞாயிறு கொண்டுவாருங்கள்.